காய்ந்த ஆற்றின் நடுவே ஒரு கோடு

அந்தத் தாளை மேசைமேல் விரித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வருஷம் திருச்சி ஜில்லா சர்வே ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். அங்கே என் கைக்கு வந்த படமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் ஒருவன் வரைந்து, இன்னொருவன் திருத்தி, மூன்றாமவன் எண்ணெய்க் கையால் மடித்து வைத்தவை. அண்ணன் தம்பி பாகம் பிரித்த அரை சென்ட் நிலத்துக்கு உட்பிரிவு எண் போட்டே கண் பூத்துப்போயிருந்தது. இங்கேயோ நான்கடி நீளத் தாளில் இடப்பக்கம் கடல் என்று ஒரு வளைகோடு, வலப்பக்கம் மலை என்று நாலு கிறுக்கல், நடுவில் ஒன்றுமே இல்லை. வெள்ளையோ வெள்ளை. அதை நிரப்பத்தான் என்னை வரவழைத்ததாக எங்கள் கம்பெனியின் தலைமை சர்வேயர் சொன்னார். அவர் இங்கிலாந்துக்காரர். எங்களுக்குள் அவரை 'துரை' என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

எழுபதுகளின் பின்பாதி அது. ஏழு அமீரகங்களும் ஒரே கொடியின் கீழ் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. குடும்பம் ஒன்றாகிவிட்டது, ஆனால் வீட்டுக்குள் எந்த அறை யாருக்கு என்று பேசி முடிக்கவில்லை. அப்படிப் பேசி முடிக்காத ஒரு கடற்கரைத் துண்டுதான் என் வெள்ளைத் தாள். எந்த இரண்டு அமீரகங்களுக்கு நடுவே என்று சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் முகம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். வடக்கு, தெற்கு என்றே வைத்துக்கொள்வோம்.

மேற்கே கடல். கரையை ஒட்டி வெள்ளை உப்புச் சேற்று நிலம், மேலே பார்த்தால் சிமென்ட் தரை மாதிரி இருக்கும், நம்பி வண்டியை விட்டால் அச்சு வரை விழுங்கிவிடும். அதற்குக் கிழக்கே மணல் மேடுகள், அதற்கும் கிழக்கே கறுத்த மலை. மலையிலிருந்து ஒரு காய்ந்த ஆறு இறங்கி வந்து கடலைத் தொடும். வருஷத்தில் இரண்டு நாள் தண்ணீர் ஓடினால் அதிகம். அது கடலைத் தொடும் இடத்தில், தென்கரையில், ஈச்ச ஓலையால் கட்டிய முப்பது நாற்பது வீடுகள். மீன்பிடிக்கிற சனம். அந்த முழுத் துண்டிலும் மனிதர்கள் நிலையாகக் குடியிருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அந்த முப்பது நாற்பது வீட்டை ஆண்ட விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். வடக்குக்காரர்கள் ஒரு போலீஸ் சாவடி போட்டிருந்தார்கள். தெற்குக்காரர்கள் விடுவார்களா, நூறு கஜம் தள்ளி அவர்களும் ஒன்று போட்டார்கள். இரண்டு சாவடியிலும் இருந்த போலீஸ்காரர்களுக்குப் பேச வேறு ஆள் கிடையாது, ஆகவே ஒரே கெட்டிலில் டீ போட்டுக் குடித்தார்கள். குழந்தை பிறந்தால் இரண்டு ஆபீசும் பதிவு செய்துகொண்டுபோகும், அந்த ஊரில் ஒவ்வொரு பிள்ளையும் காகிதத்தில் இரண்டு முறை பிறந்தது. திங்கட்கிழமை ஒரு டாக்டர் ஜீப், புதன்கிழமை இன்னொன்று. சனங்கள் இரண்டிலும் மாத்திரை வாங்கிக்கொண்டார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சும்மாவா?

ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது கொண்டாட்டம் முடிந்திருந்தது. கோடு முடிவாகும்வரை இரு தரப்பும் அங்கே எதுவும் செய்யக் கூடாது என்று கூட்டுக் கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. டாக்டர் நின்றார். பதிவுக்காரன் நின்றான். முக்கியமாக, இரு தரப்பிலிருந்தும் வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரிகள் நின்றன. பிறகு அந்த ஊருக்கு ஒரே கதி, ஆற்றுக்கு வடகரையில் ஒன்றரை மைல் உள்ளே இருந்த நல்ல தண்ணீர்க் கிணறு. ஊருக்குள் இருந்த கிணற்றுத் தண்ணீர் ஆட்டுக்கே பிடிக்காது.

என்னோடு வேலைக்கு வந்தது இரண்டு பேர். ஒருவன் செயின்மேன், புதுக்கோட்டைக்காரன், இருபத்தைந்து வயது. அளவுச் சங்கிலி பிடிக்கத்தான் எடுத்தார்கள். ஜீப் ஓட்டுவது, சமைப்பது, ரேடியோவைத் தட்டிப் பாட வைப்பது எல்லாம் அவனே. இன்னொருவன் அந்த ஊர்ப் படகுக்காரன், என் வயதுதான், வழிகாட்டக் கமிட்டி அமர்த்தியது. பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய்வந்த குடும்பம், அதனால் இந்தி சரளமாகப் பேசுவான். என்னை 'முஹந்திஸ்' என்பான், என்ஜினீயர் என்று அர்த்தம். நான் என்ஜினீயர் இல்லை, டிப்ளமோதான். ஆனாலும் ஒருநாளும் நான் அவனைத் திருத்தவில்லை.

ஆறு மாதம்! விடியுமுன் கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினால் பத்து மணிக்குக் கானல் எழும்பி அளவுக் கம்பம் நெளிய ஆரம்பிக்கும்வரை கீழே இறங்க மாட்டோம். முதல்முதலாக ஒரு மேட்டின் உயரத்தைக் கணக்குப் போட்டுத் தாளில் புள்ளி வைத்தபோது, இந்த உலகத்தில் இந்த மேட்டின் உயரம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தேன். செயின்மேனிடம் சொன்னேன். "பேரையும் வச்சிருங்கண்ணே" என்றான். அவன் பெயரையே பென்சிலில் எழுதி, அவன் பார்த்துச் சிரித்த பிறகு அழித்தேன். வெயிலில் மூக்குத் தோல் உரிந்தது, மணல் சோற்றில் கடிபட்டது, வாரக்கணக்கில் குளியல் மாஃபி, கிடையவே கிடையாது. ஆனாலும் ராத்திரி படுத்தால் மறுநாள் எப்போது விடியும் என்றிருக்கும். திருச்சியில் எனக்கு அப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை.

சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் அப்போது தற்காலிக ஊழியன். இந்தப் படத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டதும் வேலையை நிரந்தரமாக்குவதாகத் துரை எழுதியே கொடுத்திருந்தார். நிரந்தர ஊழியனுக்குத்தான் குடும்ப விசா. மனைவியும் மூன்று வயது மகளும் முதுகுளத்தூர்ப் பக்கம் மாமனார் வீட்டில் இருந்தார்கள். ஆபீஸ் இருந்த நகரத்தில், கராமா பகுதியில் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட்டைக் கம்பெனி எனக்கென்று எழுதிவைத்திருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எந்த ஜன்னலில் காலை வெயில் வரும், கட்டில் எங்கே, மகளுக்கு வாங்கப்போகும் மீன் தொட்டி எங்கே என்று அளவோடு படம் வரைந்து மனைவிக்கு அனுப்பினேன். சமையலறையில் குழாயைப் பெரிதாக வரைந்து, திறந்தால் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் என்று எழுதினேன். அவள் தெருவிலேயே அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் பாக்கியில்லை என்று பதில் வந்தது.

கடைசி மாதத்தில் துரைக்குக் காய்ச்சல் கண்டது. எல்லையை எங்கே போடலாம் என்று கமிட்டிக்கு யோசனை சொல்வதும் எங்கள் வேலை. இரு தரப்பும் காட்டிய ஆதாரங்கள் முக்கால்வாசித் தூரத்துக்கு வந்தன, அதுவரை துரை தானே கோடு போட்டிருந்தார். மீதிக்கு, இயற்கையான அடையாளங்களைப் பின்பற்றலாம் என்று விதி. காய்ச்சல் படுக்கையிலிருந்து எனக்கு ஒரு சீட்டு அனுப்பினார், மீதியை நீயே போட்டு மையேற்றிவிடு, உன் கண்ணை நம்புகிறேன் என்று. அந்தச் சீட்டை நான் சட்டைப்பையில் மூன்று நாள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மீதி இருந்தது காய்ந்த ஆறும் அதன் இரு கரையும். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நம் ஊரில் பத்திரம் எழுதுகிறவனைக் கேளுங்கள், ஓடைக்கு மேற்கே, வாய்க்காலுக்கு வடக்கே என்றுதானே நான்கெல்லை சொல்வான்? இரண்டு கிராமத்துக்கு நடுவில் ஆறு ஓடினால் ஆற்றின் மத்தியே எல்லை. அது எனக்குப் பாடமாகக் கற்ற விஷயம்கூட இல்லை, கையில் ஊறியது. மலையடியிலிருந்து கடல்வரை ஆற்றின் நட்ட நடுவே, ஒவ்வொரு வளைவிலும் வளைந்து, அழகாக ஒரு கறுப்புக் கோடு இறக்கினேன். கடைசி முனையில் பேனாவை எடுத்தபோது நானே இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்து ரசித்தேன். கையோடு, புதிய வடக்குப் போலீஸ் சாவடிக்கு இடம் என்று கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கொடியும் வரைந்தேன். சாவடி என்றால் தண்ணீர் வேண்டுமே. அப்படிப் புத்திசாலித்தனமாக யோசித்தவன் நான்.

துரை படத்தைப் பார்த்தார். காய்ச்சல் கண்ணால் பார்த்தார் என்றுதான் இப்போது சொல்வேன். நல்ல கை என்று சொல்லிப் பெட்டகத்தில் வைத்தார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கையெழுத்து என்று முடிவானது.

புதன்கிழமை காலை, சர்வே தூண்கள் இரண்டில் எழுதிய எண் சரிதானா என்று பார்த்து வர நானும் செயின்மேனும் ஊருக்குப் போனோம். பத்து நிமிஷ வேலை. படகுக்காரன் ஈச்சம் பாயை விரித்து, பழமும் காப்பியும் வைத்தான். கிளம்ப வேண்டியதுதானே? எனக்குப் பெருமை அடங்கவில்லை. ஜீப்பிலிருந்து படத்தின் பிரதியை எடுத்து வந்து அவன் முன் விரித்தேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கடலில் வழி பிடிக்கிறவன், ஒரு முறை சொன்னதும் பிடித்துக்கொண்டான். இது கடல், இது மேடு, இது உன் வீடு. சிரித்தான். தன் வீட்டின் மேல் விரலை வைத்தான், பிறகு விரலை நகர்த்திக் கிணற்றுக்குக் கொண்டுபோனான். பாதி வழியில் விரல் நின்றது.

இந்தக் கறுப்பைத் தாண்டினால் என்ன என்று கேட்டான். தாண்டினால் வடக்கு என்றேன். கிணற்றடியில் இருந்த குட்டிக் கொடி என்னவென்று கேட்டான். சொன்னேன். சிரிப்பு போய்விட்டது.

அவன் இந்தியில் சொன்னதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்.

"ஆத்தை யாராவது நடுவால பிரிப்பாங்களா முஹந்திஸ்? ஆட்டை நெடுக வகுந்து ஆளுக்குப் பாதின்னு குடுத்தா, பால் யார் கறக்கறது?"

பிறகு அவன் மலையைக் காட்டினான், கத்தவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர்கள் பிரிப்பது மலை முகட்டில். எந்த முகட்டில் விழுந்த மழை எந்த ஆற்றுக்கு இறங்குகிறதோ, அந்த ஆறும் அதன் இரண்டு கரையும் ஒரே சனத்துக்கு. நிலத்தின் அளவு என்னவென்றால், ஒரு கிணற்றில் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பிய ஆடு மேய்ந்துவிட்டு அன்றைக்கே அதே கிணற்றுக்குத் திரும்பக்கூடிய தூரம். நமக்கு நிலம் இருந்தால் அதில் கிணறு வெட்டுவோம். அவர்களுக்குக் கிணறு இருந்தால்தான் அதைச் சுற்றி நிலம். வடக்கே மேய்க்கிற ஒரு கூட்டம் அவன் அப்பா காலத்திலிருந்து அந்தக் கிணற்றுக்குக் காத்திருக்கிறது என்றும் சொன்னான். இப்போதிருக்கும் வடக்குப் போலீஸ்காரன் நல்லவன், அடுத்து வருகிறவன் அந்தக் கூட்டத்துக்காரனாக இருந்தால்?

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான்கு பெண்கள் மண்ணெண்ணெய் டின்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்று மணலில் இறங்கி அக்கரைக்குப் போனார்கள். ஆறு மாதமாகத் தினமும் பார்த்த காட்சிதான். தூரத்து மேட்டில் கம்பம் நடும்போது, அவர்கள் விலகட்டும் என்று காத்திருந்து அலுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வெட்கத்தை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. ஒரே ஒரு கேள்வி, ஆறு மாதத்தில் நான் இவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

படத்தைச் சுருட்டினேன். "யல்லா, கிளம்பு" என்றேன் செயின்மேனிடம். உள்வழியாகப் போனால் ஐந்து மணி நேரம், அதற்குள் துரை ஆபீசை விட்டுப் போய்விடுவார், பெட்டகச் சாவி கமிட்டிக்குப் போய்விடும். கரையோரமாக, அலை உள்வாங்கியிருக்கும்போது ஈர மணலில் ஓட்டினால் மூன்று மணி நேரம். கரையோரமே போனோம். இடப்பக்கம் உப்புச் சேறு, வலப்பக்கம் கடல், நடுவில் இரண்டு சக்கரத்துக்குச் சரியாக ஒரு பட்டை. நண்டுகள் சிதறின, உப்புத் தண்ணீர் கண்ணாடியில் அடித்தது, ஒரு துணியால் நான் வெளியே எட்டித் துடைத்துக்கொண்டே வந்தேன். பயம் இருந்தும், அந்த ஓட்டத்தின் வேகம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பாதி வழியில் அலை திரும்ப ஏற ஆரம்பித்தது. ஓரிடத்தில் தண்ணீருக்குப் பயந்து ஒதுக்கினோம், இடப்பக்கச் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. இருவரும் இறங்கி, ஜீப்பில் இதற்கென்றே வைத்திருந்த ஈச்சம் பாயைச் சக்கரத்தின் கீழே திணித்தோம். பாய் சேற்றுக்குள் போனது. இன்னொரு பாய். அதுவும் போனது. செயின்மேன் மூச்சு வாங்கிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. தொரையே பாத்து நல்லாருக்குன்னுட்டாரு. நாளைக்குக் கையெழுத்து ஆயிரும். நீங்க சொல்லலேன்னா யாருக்குத் தெரியப் போவுது? அண்ணி அங்க பொட்டி கட்டிட்டு நிக்கிது."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். நீயெல்லாம் மனுஷனா என்று கத்தினேன். அவன் மூன்றாவது பாயை எடுத்து வந்தான். கோபம் அவன்மேல் இல்லை. ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து நான் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்த அதே வார்த்தைகளை அவன் வாயால் கேட்டுவிட்டேன், அதுதான். கொஞ்ச நேரம் கழித்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்கண்ணே, தள்ளுங்க" என்றான். தள்ளினோம். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி மேலே வந்தபோது இருவரும் சேற்று மனிதர்களாக நின்று கூச்சல் போட்டோம்.

நகரம் வந்து சேர்ந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. துரை வீட்டுத் தோட்டத்தில் பைஜாமாவோடு உட்கார்ந்து பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காலிலிருந்து தலைவரை சேறோடு அவர் முன் நின்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த விதியையும் துணைக்கு இழுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் போட்டுவிட்டேன், கேட்காமல் போட்டுவிட்டேன் என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தானும் பார்க்காமல் விட்டதை முதலில் சொன்னார், அது அவருடைய நேர்மை. பிறகு, லண்டன் தலைமை ஆபீசுக்கு அறிக்கை எழுதும்போது யார் கை என்று எழுதியாக வேண்டும், தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றேன். அதன் அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

"சாவி கமிட்டியிடம் போய்விட்டது. நான் கேட்டு வாங்கி, காலை அஞ்சு மணிக்குப் பெட்டகத்தைத் திறந்து தருகிறேன். ஒன்பதுக்குக் கையெழுத்து. உனக்கு நாலு மணி நேரம்" என்றார்.

நல்ல படத்திலிருந்து மையை எடுப்பது எப்படி என்று படம் வரைகிற எவனையும் கேட்டால் சொல்வான், பாதி பிளேடு, மூச்சைப் பிடித்த கை. பிளேடைப் படுக்கவைத்து, முடி மழிக்கிற மாதிரி இழைக்க வேண்டும். கொஞ்சம் சாய்த்தால் தாள் கிழிந்துவிடும், ஆறு மாதமும் போச்சு. சுரண்டிய இடத்தை நகத்தின் முதுகால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மை ஊறிப் பரவும். மலையடியிலிருந்து ஆரம்பித்தேன். வளைவு வளைவாக நான் ரசித்துப் போட்ட கோடு கறுப்புத் தூளாக வந்தது. செயின்மேன் பக்கத்தில் நின்று ஒரு கோழி இறகால் தூளைத் தள்ளிக்கொண்டேயிருந்தான், நானும் மூச்சு விடவில்லை, அவனும் விடவில்லை. கிணற்றடிக் கொடியைக் கடைசியாக எடுத்தேன்.

எடுத்தாயிற்று, அங்கே என்ன போடுவது? முகட்டை நாங்கள் அளக்கவே இல்லை. அளக்காததை வரைய முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது, எல்லைக்கோடு முழுதும் மூடாத படம் படமே இல்லை என்று. ஒரு மூலை திறந்திருந்ததற்காகத் திருச்சியில் ஒரு முறை புத்தகத்தை மூஞ்சியில் விட்டெறிந்திருக்கிறார்கள். இங்கே பதினொரு மைல் திறந்து கிடந்தது. துரை போட்ட கோடு முடிகிற இடத்தில் நான்கு புள்ளி வைத்து நிறுத்தி, அதற்குப் பிறகு, எல்லை முடிவாகவில்லை என்று என்னால் முடிந்த அழகான எழுத்தில் எழுதினேன். மணி எட்டு ஐம்பது. மை காய வாயால் ஊதினேன்.

கூட்டத்தில் நான் கதவோரம் நின்றேன். துரை எழுந்து, ஆற்றுப் பகுதியில் தவறு நடந்துவிட்டது, அதை எடுத்துவிட்டோம் என்றார். தெற்குப் பிரதிநிதி இதில் ஏதோ சூழ்ச்சி என்று கத்தினார். கைக்கு வந்த கிணறு போய்விட்டதே என்று வடக்குப் பிரதிநிதி கத்தினார். எங்கள் கம்பெனி உருப்படாதது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை வந்தது, அதுவரை ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள்! ஒரு மணி நேரம் கழித்துக் களைத்துப்போய், மற்ற முக்கால்வாசிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். ஆற்றுப் பகுதியைப் பிறகு ஆட்கள் நடந்து பார்த்து முடிவு செய்வது என்றானது. அதுவரை ஊர்ச் சனம் எப்போதும்போல் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்று ஒரு வரியைத் துரை ஒப்பந்தத்தின் இணைப்பில் சேர்த்தார். அந்த வரியை வாசித்தபோது இருவருமே தலையாட்டினார்கள். தண்ணீருக்குக் குறுக்கே நின்றவன் என்ற பேர் யாருக்கு வேண்டும்? எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போலிருந்தது.

குதிப்பு பத்து நாள்தான். லண்டனிலிருந்து கடிதம் வந்தது, என் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிவைக்கப்பட்டது. கராமா ஃபிளாட் கம்பெனியில் வேறொருவருக்குப் போனது. அவர் நல்ல மனிதர், குடும்பத்தோடு குடியேறிய அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். எட்டுப் பேர் படுக்கிற ரூமில், என் கட்டிலில் உட்கார்ந்து மனைவிக்கு எழுதினேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றில் என்னை நானே கொஞ்சம் பெரிய ஆளாக்கிக்கொண்டிருந்தேன். நாலாவதில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், வருத்தத்தையும் எழுதினேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. தபால் வரும் நாளெல்லாம் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏர்மெயில் வந்தபோது பிரிக்கப் பயந்து, செயின்மேனைப் பிரிக்கச் சொல்லி, பிறகு அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

திட்டித்தான் எழுதியிருந்தாள். ஊரெல்லாம் சொல்லியாச்சு, பாத்திரமெல்லாம் தங்கைக்குக் கொடுத்தாச்சு, பிள்ளை தினமும் பிளேன் எப்போது என்று கேட்கிறாள், அவளுக்கு நான் என்ன சொல்ல என்று ஒரு பக்கம் முழுக்க. ஒரு கோட்டை ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று ஒரு வரி. பக்கம் திருப்பினால் கீழே இவ்வளவுதான்.

"இங்க கண்மாயில தண்ணி வத்திப்போச்சு. நானும் தங்கச்சியும் விடியக்காலம் ரெண்டு மைல் போயிட்டு வர்றோம். நேத்து நடுவழியில குடத்தை எறக்கி வச்சிட்டு நின்னப்ப அந்தப் பொம்பளைங்க ஞாபகம் வந்துச்சு. அவங்க இன்னும் அந்தக் கெணத்துக்குப் போறாங்களா? நேர்ல பாத்துட்டு எழுதுங்க. நான் ஒரு வருஷம் இருந்துக்கிறேன்."

நேரில் பார்த்துவிட்டு என்று எழுதியிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை செயின்மேனை எழுப்பி, உள்வழியாகவே ஐந்து மணி நேரம் போனோம். படகுக்காரன் கடலுக்குப் போயிருந்தான். தென்கரையில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம், டின்களோடு ஏழு பேர் ஆற்று மணலில் இறங்கி, அக்கரையில் ஏறி, கிணற்றுப் பக்கம் போனார்கள். திரும்பி வரும்வரை நின்றேன், டின்களில் தண்ணீர் தளும்பியது. ஜீப்பின் பானட்டின் மேலேயே காகிதத்தை வைத்து, போகிறார்கள், ஏழு பேர், என் கண்ணால் பார்த்தேன் என்று அவளுக்கு எழுதினேன்.